வளையம் வளையமாக

மிச்சிகனில் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்கு ஆஷ் மரத்தின் பெயர். தெருவில் ஒரு ஆஷ் மரம்கூடக் கிடையாது. காரணம், அரை அங்குல நீளமுள்ள ஒரு பச்சை வண்டு. ஆசியாவிலிருந்து சரக்குகளோடு வந்த மரப்பெட்டிகளில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்கிறார்கள். 2002இல் டெட்ராய்ட் பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். அதன் புழு பட்டைக்கு அடியில் நெளிந்து நெளிந்து தின்னும். நீரும் உணவும் போகும் வழி அறுபட்டு, சில வருடங்களில் மரம் பட்டுப்போகும். வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் இப்படித்தான் போயின.

போனா வேற மரம் நட்டுக்கலாமே என்றுதான் நானும் நினைத்திருந்தேன், கூடை முடைவதைப் பார்க்கும்வரை.

வெள்ளை ஆஷ் பேஸ்பால் மட்டைக்கும் கருவிகளின் காம்புக்கும் போகும். சதுப்பு நிலத்தில் வளரும் கருப்பு ஆஷ்தான் கூடைக்கு. இங்குள்ள அனிஷினாபே பழங்குடி மக்கள் அதை ரம்பத்தால் அறுப்பதில்லை. பட்டை உரித்த அடிமரத்தைக் கோடாரியின் மொட்டைப் பக்கத்தால் அடித்துக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு வருட வளையத்திலும் வசந்தத்தில் வளர்ந்த பகுதி துளைகள் நிறைந்து மென்மையாக இருக்கும். கோடையில் வளர்ந்தது கெட்டி. அடிக்க அடிக்க மென்மையான பகுதி நொறுங்கி, ஒரு வருட வளர்ச்சி ஒரு நாடாவாக உரிந்து வரும்.

அம்மா வந்திருந்தபோது ஒரு செயல்விளக்கத்துக்கு அழைத்துப் போனேன். "நம்ம மூங்கில் பிளாச்சு மாதிரியே இருக்குடா. ஆனா இவங்க கத்தியே வைக்கல பாரு" என்றாள். அதை மொழிபெயர்த்துச் சொன்னதும், முடைந்துகொண்டிருந்த பாட்டி சிரித்துவிட்டு ஒரு நாடாவை அவள் கையில் கொடுத்தார்.

விதைகளைச் சேகரித்து வைக்கிறார்கள். வெட்டிய மரத்தை மாதக்கணக்கில் நீரில் மூழ்க வைத்தால் புழு செத்துவிடும், மரமும் கூடைக்கு உதவும் என்றும் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு விதை, கூடைக்குத் தோதான மரமாகப் பல பத்தாண்டுகள் ஆகும். "எந்த மரம் நல்லா உரியும்னு நிக்கிற மரத்தைப் பார்த்தே சொல்லணும். மரமே இல்லைன்னா பிள்ளைங்களுக்கு எதைக் காட்டிச் சொல்லித்தர்றது?" என்றார் பாட்டி.

திரும்பி வரும்போது காரில் அம்மா முறத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். முறத்தில் இடுக்கு விழுந்தால் வெந்தயத்தை ஊறவைத்து அரைத்து, பழைய பேப்பரைக் கூழாக்கிச் சேர்த்து மெழுகுவார்களாம்.

"எவ்வளவு வெந்தயத்துக்கு எவ்வளவு பேப்பர்?"

"அதெல்லாம் கைக்குத்தான்டா தெரியும். ஊருக்கு வா, செஞ்சு காட்டுறேன்."

அதற்குப் பிறகு இரண்டு முறை ஊருக்குப் போய் வந்துவிட்டேன். இரண்டு முறையும் கேட்கவில்லை. எங்கள் ஊர் மூங்கிலை எந்த வண்டும் தின்னவில்லை.