பாதிப் பாய்

எங்கள் ஊர்க் கோயில் மணிக்கு இரண்டு பாஷை உண்டு. விடியற்காலையிலும் அந்தியிலும் மளமளவென்று அடித்தால், ஜெபத்துக்கு வாருங்கள் என்று அர்த்தம். விட்டு விட்டு, ஒவ்வொன்றாக அடித்தால், யாரோ காலமாகி விட்டார்கள் என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டால் உலை கொதித்துக் கொண்டிருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு, "யாரு, யாரு?" என்று பெண்கள் வாசலுக்கு வந்து விடுவார்கள்.

'எங்கள் ஊர்' என்று பெருமையாகச் சொல்லிக் கொள்கிறேனே தவிர, நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் சென்னையில். அது வாழ்க்கைப்பட்ட ஊர். தூத்துக்குடி ஜில்லாவில், உடன்குடிக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் பக்கத்தில், செம்மணல் தேரியும் பனங்காடுமாக ஒரு சிறு கிராமம். கோயில் என்று நான் சொல்வது மாதா கோயில் மாதிரி ஒரு கிறிஸ்தவ ஆலயத்தை. அந்தச் சீமையில் பெரியவர்கள் யாரும் சர்ச் என்று சொல்ல மாட்டார்கள், கோயில்தான். குருவானவருக்கு 'ஐயர்' என்று பெயர். (சென்னையில், "ஐயர் வந்து திருவிருந்து கொடுத்தார்" என்று வாய் தவறிச் சொல்லி, பக்கத்து வீட்டு மாமி என்னை ஒரு மாதிரி பார்த்தது தனிக் கதை.) ஐயருக்கு ஏழெட்டு ஊர் சேர்ந்த ஒரு சேகரம். எங்கள் ஊருக்கு மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற நாளெல்லாம் கோயில் உபதேசியார் பொறுப்பு. மணி அடிப்பதிலிருந்து, கோயிலுக்குள் வந்துவிடும் ஆட்டை விரட்டுவது வரை எல்லாம் அவரே.

2020 மார்ச் மாதம் என் மாமியாருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தது. பத்து நாள் துணைக்கு என்று பிள்ளைகள் இருவரையும் கூட்டிக் கொண்டு போனேன். 24-ந் தேதி நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. என் கணவருக்கோ ஒரு நாளும் விடுமுறை எடுக்க முடியாத உத்தியோகம். அவர் சென்னையில், நாங்கள் கிராமத்தில். பத்து நாள் என்று போனவள் ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டேன் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்.

கோயிலைப் பூட்டிவிட்டார்கள். ஆனால் மணி நிற்கவில்லை. உபதேசியார் மட்டும் போய் இரண்டு வேளையும் அடித்துவிட்டு வருவார். அவரவர் வாசற்படியில் உட்கார்ந்து ஜெபம் செய்வார்கள். பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனை செல்போனில் வந்தது. போனைப் பித்தளைப் போணிக்குள் வைத்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும் என்று என் பையன் கண்டுபிடித்தான். போணியை வேலியோரம் வைத்து, இந்தப் பக்கம் என் மாமியாரும் அந்தப் பக்கம் கீழவீட்டு ஆச்சியுமாக, பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று வரை வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தக் கீழவீட்டு ஆச்சியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என் மாமியாருக்கு அவள் மதினி முறை. இருவரும் ஒரே வருஷத்தில் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். கோயிலில் பெண்கள் பக்கம், முன்வரிசையில், ஓர் அகலமான ஓலைப் பாய் அவர்களுடையது. நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரே பாயில் தோளோடு தோள் உரச உட்கார்ந்தவர்கள். சண்டை போட்டுப் பேசாமலிருந்த நாட்களிலும் பாய் ஒன்றுதான்; ஆளுக்கு ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக் கொள்வார்களாம்.

இரண்டு வீட்டிலும் பிடியரிசிப் பானை உண்டு. இது உங்களில் பலருக்கும் தெரிந்த வழக்கமாகவே இருக்கும். ஒவ்வொரு தடவை உலையில் அரிசி போடும்போதும் ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போடுவது; நிறைந்ததும் கோயிலுக்குக் கொண்டு போவது. அந்த நாட்களில் பீடி சுற்றும் வீடுகளிலும் கூலி வீடுகளிலும் வருமானம் நின்று போயிருந்தது. உபதேசியார் வீடு வீடாக வந்து பிடியரிசியை வாங்கிக் கொண்டு போய் அந்த வீடுகளில் கொடுத்தார்.

கிராமங்களில் உள்ள சின்ன வழிபாட்டுத் தலங்களைத் திறக்கலாம் என்று ஜூலையில் உத்தரவு வந்தது. எங்கள் கோயில் சின்னதா, பெரியதா? இதைப் பற்றி வேப்பமரத்தடியில் பெரிய விவாதமே நடந்தது. மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி. அதோடு பார்த்தால் நம்முடையது சின்னதுதான் என்றார் ஒருவர். பாட்டன்மார் பனை ஏறிச் சம்பாதித்த காசில் கட்டின கோயிலைச் சின்னது என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது என்றார் இன்னொருவர். கடைசியில் ரோஷம்தான் ஜெயித்தது. எல்லாக் கோயில்களையும் திறக்கலாம் என்று செப்டம்பர் 1-ந் தேதி வரும் வரையில் காத்திருந்தார்கள்.

திறந்தும் பிரயோஜனம்? 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வீட்டிலேயே இருப்பது நல்லது என்று விதிமுறை. எங்கள் ஊர்க் கோயிலுக்கு வருகிறவர்களே அவர்கள்தாமே! மற்றவர்களெல்லாம் சென்னையிலும் திருப்பூரிலும் பம்பாயிலும் அல்லவா இருக்கிறார்கள்? என் மாமியார் ஆதார் அட்டையை என்னிடமிருந்து வாங்கி ஒளித்து வைத்துவிட்டு, "எனக்கு அறுபத்துநாலுதான்" என்று சாதித்தார். அப்படிப் பார்த்தால் என் கணவர் பிறந்தபோது அவருக்குப் பதிமூன்று வயதுதான் இருந்திருக்க வேண்டும். நான் கணக்கைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 6-ந் தேதி முதல் ஞாயிற்றுக்கிழமை. தரையில் சுண்ணாம்பால் வட்டங்கள். பொதுப் பாய் கூடாது. அவரவர் பாயை அவரவர் கொண்டு வர வேண்டும். பாட்டுக் குழு பாடக் கூடாது என்பதால் ஒலிநாடாவில் கீர்த்தனை. கிழவிகளுக்கு அது பிடிக்கவில்லை. முகக்கவசத்துக்குள்ளேயே முணுமுணுத்துப் பாடினார்கள். அகலப் பாயைச் சுருட்டி எங்கள் வீட்டுப் பரணில் போட்டாயிற்று. மாமியாரும் ஆச்சியும் ஆளுக்கொரு குட்டிப் பாயில், நடுவில் ஆறடி இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். பிரசங்கம் நடுவே ஆச்சி பனையோலை விசிறியை நீட்டினாள். அதன் மேல் ஒரு துண்டு சில்லுக்கருப்பட்டி. என் மாமியார் இங்கிருந்து எட்டி எடுத்து, முகக்கவசத்தைத் தூக்கி வாயில் போட்டுக் கொண்டார். உபதேசியார் பார்த்தும் பாராதவர் போலிருந்தார். 2021 ஏப்ரல் 4, ஈஸ்டர் வரையில் அந்த விசிறிப் போக்குவரத்து நடந்தது.

ஏப்ரல் 26-ந் தேதி மறுபடியும் கோயிலைப் பூட்டினார்கள். மே மாதம் ஆச்சிக்குக் காய்ச்சல். ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனபோது, வேலிக்கு மேலே கையை ஆட்டி, "மதினி, கோழிய அடைச்சிரு" என்றாள். அவ்வளவுதான். ஐந்தாம் நாள் சமாசாரம் வந்தது.

உடலை வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு நேரே கல்லறைத் தோட்டத்துக்கு வண்டி வந்தது. மகன் பம்பாயில், வர முடியவில்லை. கவச உடை போட்ட நாலைந்து பேர், எட்டத்தில் நின்று ஜெபம் சொன்ன ஐயர், உபதேசியார். மணி அடிக்கவில்லை. அடித்தால் ஊரே திரண்டு விடுமே என்ற பயம். அது நியாயமான பயம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து பார்த்தால் தோட்டத்தில் விளக்கு வெளிச்சம் தெரியும். மாமியார் சேலையை உதறிக் கட்டிக் கொண்டு புறப்பட்டார். என் கணவர் சென்னையிலிருந்து போனில் கத்தினார், அம்மாவை விடாதே என்று. நான் கதவைத் தாழிட்டு, அதில் சாய்ந்து கொண்டு நின்றேன்.

"கதவத் திற."

"வேண்டாம் அத்தை. சர்க்கரை வியாதி இருக்கு உங்களுக்கு."

"தள்ளி நின்னு ஒரு பிடி மண்ணு போட்டுட்டு வந்திருதேன். கதவத் திற."

நான் திறக்கவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, தள்ளவில்லை. பின்கட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கொண்டு வெளிச்சம் அணைகிற வரை நின்றார். அப்புறம் கோழியை அடைக்கப் போனார்.

அடுத்த பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. சமைத்துப் போட்டார், பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டார், என்னிடம் மட்டும் பேச்சில்லை. சரியான காரியத்தைச் செய்துவிட்டுக் குற்றவாளியாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தப் பதினோரு நாளில் தெரிந்து கொண்டேன். பன்னிரண்டாம் நாள், "உப்புக் கொறச்சலா இருக்கா, பாரு" என்று குழம்பை நீட்டினார். நான் அழுதுவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

2021 ஜூலை 5-ந் தேதி கோயில்கள் திறந்தன. ஞாயிற்றுக்கிழமை மாமியார் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, வேதப் புஸ்தகத்தோடு வந்தார். ஆனால் உள்ளே நுழையவில்லை. வெளியே வேப்பமரத்தடியில், மணிக் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து கொண்டார். பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே. ஆகஸ்டில், வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்களில் ஜனங்களை அனுமதிக்கக் கூடாது என்று இன்னோர் உத்தரவு வந்தது. எங்கள் ஊரில் ஞாயிறு ஆராதனையை வியாழக்கிழமை சாயங்காலம் வைத்துக் கொண்டோம். "ஞாயித்துக்கிழமை ஓய்ஞ்சிருந்த ஆண்டவர் இப்ப வியாழக்கிழமைக்கு மாறிட்டாராக்கும்" என்று மரத்தடியில் இருந்தபடியே சொன்னார் மாமியார். வாய் மட்டும் குறையவில்லை. உள்ளேதான் வரவில்லை.

அக்டோபர் மத்தியில் அந்தத் தடையும் நீங்கிற்று. ஒரு நாள் அந்தி ஜெபம் முடிந்து உபதேசியார் மரத்தடிக்கு வந்தார். நான் செருப்பைத் தேடிக் கொண்டிருந்ததால் பேச்சு காதில் விழுந்தது.

"எத்தனை நாளைக்கு அம்மா இப்படி வெளியே? உடம்புக்கு ஏதும்...?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மதினியை மணி அடிக்காம அனுப்பிட்டியளே. திருட்டுப் பொருளைப் புதைக்கிற மாதிரி ராத்திரியில புதைச்சிட்டு வந்தாச்சு. இப்ப நான் மட்டும் உள்ளே போயி, அவ இருந்த இடத்தைப் பார்த்துக்கிட்டுப் பாட்டு படிக்கணுமா?"

உபதேசியார் வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "அன்னைக்குத் தோட்டத்திலேருந்து நேரே இங்கதான் வந்தேன் அம்மா. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இழுக்கப் பயமா இருந்திச்சு. முப்பது வருஷமா அடிக்கிறேன்; இந்த ஊர்ல மணி இல்லாமப் போனது அவிய ஒருத்தரு மட்டுந்தான்."

மாமியார் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக் கொண்டார். "அப்ப இப்ப அடியும்" என்றார்.

உபதேசியார் ஐயருக்குப் போன் செய்தார். நவம்பர் 2-ந் தேதி கல்லறைத் திருநாள் வருகிறதே, அன்று அடிக்கலாம் என்றார் ஐயர். என் பாடுதான் திண்டாட்டம். பள்ளிக்கூடங்கள் நவம்பர் 1-ந் தேதி திறக்கின்றன. உடனே புறப்பட்டு வா என்று இவர் தினம் இரண்டு தடவை போன். "ஒரு வாரம் பொறுங்கள்" என்றேன். காரணம் கேட்டார். "உங்கள் அம்மாவிடம் எனக்கு ஒரு கடன் இருக்கிறது" என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, அதற்கு மேல் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ஐந்து மணி. முதல் மணி விழுந்தது. பிறகு ஒரு மௌனம். இரண்டாவது மணி. தெருவில் கதவுகள் திறந்தன. கல்லறைத் திருநாள் என்று தெரிந்திருந்தும், பழக்க தோஷம், பெண்கள் ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

"யாரு? யாரு போயிட்டாவ?"

என் மாமியார் தெரு நடுவில் நின்றார். கையில் மெழுகுவர்த்திக் கட்டு.

"எங்க மதினி" என்றார்.

ஒருத்தியும் வேறு கேள்வி கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக் கொண்டாள். மே மாதம் யாரும் அழ முடியாத அழுகையை எல்லாம் அன்றைக்கு அந்தத் தெரு அழுதது. பிறகு மெழுகுவர்த்திகளை வாங்கிக் கொண்டு எல்லாரும் தோட்டத்துக்கு நடந்தோம். பம்பாயில் மகன் போனில் முகம் காட்டிக் கொண்டிருந்தான். என் பையன் அந்தப் போனைக் கல்லறைப் பக்கமாகப் பிடித்துக் கொண்டு நடந்தான். மாமியார் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். பாதியை என் கையில் கொட்டினார்.

7-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. இரவு ரயிலுக்கு டிக்கட் வாங்கியிருந்தோம். காலையில், பரணிலிருந்து அகலப் பாயை எடுத்துத் தரச் சொன்னார். தூசி தட்டி, கக்கத்தில் இடுக்கிக் கொண்டு, மரத்தடியில் நிற்காமல் நேரே கோயிலுக்குள் போய், பழைய இடத்தில் விரித்தார். வலப் பக்கம் அவர் உட்கார்ந்தார். இடப் பக்கம் காலியாக இருந்தது. உட்காரலாமா, கூடாதா என்று எனக்குத் தயக்கம், பின்னாலேயே நின்றேன்.

என் ஏழு வயதுப் பெண்ணுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. ஓடிப் போய் அந்தப் பாதியில் உட்கார்ந்தாள். பிரசங்கம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அங்கேயே கால் நீட்டித் தூங்கியும் போனாள். மாமியார் ஓலை விசிறியால் அவளுக்கு வீசிக் கொண்டே பிரசங்கம் கேட்டார்.