வளையாத கம்பி

திருப்பூர்ப் பக்கம் உப்பு என்றாலே கட்டடக்காரர்களுக்குக் கவலைதான். சாயக்கழிவால் கெட்ட ஒரத்துப்பாளையம் அணையையும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையும் இங்கே யாரும் மறக்கவில்லை. கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்பது கறாரான பிறகு, அந்த உப்புக் கழிவுநீர் சிமென்ட் தொட்டிகளுக்குள்ளேயே சுற்றுகிறது. உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருவேறிப் பருக்கும். மேலே மூடியிருக்கும் கான்கிரீட் வெடித்து உதிரும். அப்படியொரு தொட்டிக்கு இரும்புக்குப் பதில் கண்ணாடி இழைக் கம்பி கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன்.

"தூக்கிப் பாருங்க, எடையே இல்லீங்க" என்று மேஸ்திரி ஒரு கட்டை என் தோளில் வைத்தார். இரும்பின் கால்வாசி கனம்தான். கண்ணாடி நூலிழைகளை ரெசினில் நனைத்து, சூடான அச்சு வழியே இழுத்து இறுக வைத்தால் இந்தக் கம்பி. அறுப்பதற்குக் கட்டர் மிஷின். தூசி பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும் என்று பையன்கள் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். அடித்தளத்துக்குக் கட்டிய கூட்டைக் கீழே இழுத்துக் கட்டியிருந்தார்கள். பச்சைக் கான்கிரீட்டைவிட இது லேசு என்பதால், வைப்ரேட்டர் ஓடும்போது கூடு மேலே எழும்பிவிடுமாம்.

வளைக்கும் பலகை மட்டும் சும்மா கிடந்தது. இரும்பென்றால் காலையிலிருந்து சாவி போட்டு வளைத்துத் தள்ளியிருப்பார்கள். இந்தக் கம்பியை வில்போல வளைக்கலாம், விட்டால் நிமிர்ந்துவிடும், மீறினால் முறியும். ஒடிசாவிலிருந்து வந்த பையன் கேஸ் காட்டி வளைக்கலாமா என்று கேட்டதற்கு மேஸ்திரி சிரித்தார்: "வளையுமுங்க. ஆனா அப்புறம் அது கம்பியா இருக்காது." ரெசின் கருகினால் வெறும் நூல்தானே மிச்சம்!

ஆகவே மூலைக்கு வேண்டிய 'எல்' கம்பிகள் ஆலையிலேயே, ரெசின் இறுகும் முன் வளைத்து வருகின்றன. ஒன்றை வாங்கி வளைவைத் தடவிப் பார்த்தேன். உள்பக்கம் இழைகள் நசுங்கித் தட்டையாகியிருந்தன. நேர்க்கம்பியின் இழுவலிமை இரும்பைவிடக் கூடுதல்தான். 700 மெகாபாஸ்கலைச் சாதாரணமாகத் தாண்டும். வளைவில் அந்தக் கணக்கு நிற்காது. கம்பி விட்டத்தைப்போல மூன்று மடங்கு ஆரத்தில் வளைத்திருந்தால், நேர்க்கம்பி பலத்தில் 45 சதவீதத்தைத்தான் நம்பலாம் என்கிறது அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் சூத்திரம். 700 என்பது 315 ஆகிவிடுகிறது. விற்பனைக்காரர்கள் நீட்டும் தாளில் பெரிதாக இருப்பது முதல் எண்தான்.

தொட்டியிலோ முழுச் சோதனையும் மூலைக்குத்தான். மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் அடியில் சதுர மீட்டருக்கு மூன்று டன் அழுத்தம். சுவர்கள் வெளியே தள்ளப்பட, மூலை விரியப் பார்க்கும். உள்மூலையில் விரிசல் தொடங்கும். வெளிமூலைத் துண்டு தனியாகக் கழன்றுபோகப் பார்க்கும். மூடும் மூலையைவிட விரியும் மூலை பலவீனமானது என்பதை ஸ்வீடனில் நில்சன் என்ற ஆய்வாளர் 1973-லேயே சோதித்து எழுதினார். உள்மூலையில் சாய்வாக ஒரு கம்பி சேர்த்தால் தாங்கும் என்றும் காட்டினார். நில்சனைப் பற்றி மேஸ்திரி கேள்விப்பட்டதில்லை. ஆனால் வரைபடத்தில் சாய்வுக்கம்பி இல்லையே என்று முதலில் கேட்டவர் அவர்தான். "முன்னெல்லாம் தொட்டி மூலைக்கு ஒண்ணு போடாம விடமாட்டமுங்க." இஞ்சினியர் கணக்குப் பார்த்துச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். சாய்வுக்கம்பி நேராகவே போவதால் வளைவு நஷ்டமும் இல்லை. இரண்டு சுவருக்குள்ளும் போதிய நீளம் ஓடினால் சரி.

தொட்டிக்கு இது பொருத்தமான கம்பி என்றே நினைக்கிறேன். ஆனால் "துருப்பிடிக்காது, மலிவு" என்று சொல்லி வீட்டுத் தூணுக்கும் பீமுக்கும் இதை விற்பதைக் கண்டால் எரிச்சல் வருகிறது. இரும்பு அறுமுன் நீளும். நீளும்போது நமக்கு நேரம் கொடுக்கும். இது இரும்பைப்போல இளகி நீளாமல் சட்டென்று அறும். விறைப்பும் இரும்பில் கால்வாசிதான், அதனால் விரிசல் அகலமாக விழும். 1900 பிப்ரவரி 8-ல் நிலநடுக்கம் கண்ட ஊர் பக்கத்திலுள்ள கோவை. 2016-ன் நிலநடுக்க நெறிமுறையான ஐ.எஸ். 1893 அந்த ஊரை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. தூணும் பீமும் சேரும் மூலையில் இளகி நீளாத கம்பியை வைப்பது வம்பு. 2023-ல் ஐ.எஸ். 18256 வந்ததைச் சிலர் காட்டுகிறார்கள். அது கம்பியின் தரத்துக்கான நெறிமுறை. அதைக்கொண்டு வீடு கட்டும் முறைக்கானது அல்ல.

மதியம் கான்ட்ராக்டர் வந்ததும் பேச்சு கூலிக்குத் திரும்பியது. கம்பி வேலைக்கு வழக்கம் டன் கணக்கு. கால்வாசி கனமுள்ள கம்பிக்கு அதே கணக்கென்றால் கூலியும் கால்வாசி. "எடைக்குப் பேசினா பசங்க டீச்செலவுக்குக்கூடக் கட்டாதுங்க" என்றார் மேஸ்திரி. பலகையில் வளைக்கும் வேலை மிச்சம்தானே என்றார் கான்ட்ராக்டர். வளைத்து வந்த கம்பியை மில்லிமீட்டர் பிசகாமல் மூலையில் உட்கார வைப்பதை யார் செய்வது என்று மேஸ்திரி கேட்டார். அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் நேர்க்கம்பிக்கு மீட்டர் கணக்கு, மூலைகளுக்கு மட்டும் தனியாக நாள்கூலி என்று முடிவாயிற்று.