கயிறு தொய்ந்திருக்கட்டும்

மே 4, ஞாயிறு

மகள் இந்த வருஷம் ஃபோர்-எச்சில் அல்பாகாவை எடுத்திருக்கிறாள். 1902-ல் அந்த இளைஞர் இயக்கம் முளைத்த ஒஹாயோவிலேயே குடியிருந்துகொண்டு நான் வேண்டாம் என்றால் எடுபடுமா? சொந்த விலங்கு தேவையில்லை. பக்கத்துப் பண்ணையில் கோடை முடியும்வரை ஒன்றை இரவல் தருகிறார்கள். கிடைத்தவன் பெப்பர், காயடித்த ஆண், சாம்பல் நிறம்.

தடைப் போட்டிக்குப் பழக்கப் போகிறோம் என்று போனால், இன்று முழுக்க ஹால்டர் எனும் முகப்பட்டையை மாட்டும் பாடம். அல்பாகா பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சுவிடும். மூக்கெலும்போ குட்டை, அதற்குக் கீழே வெறும் குருத்தெலும்பு. பட்டை நழுவி அங்கே இறங்கினால் மூச்சு முட்டி மிரண்டுவிடும். அதனால் பட்டை கண்ணுக்குச் சற்றுக் கீழே, எலும்பின்மேல் உட்கார வேண்டும். பண்ணைக்கார அம்மாள் விரல் விட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடி மாட்டச் சொன்னார். மகளுக்கு அலுத்துவிட்டது. பெப்பருக்கு அலுக்கவில்லை.

மே 18, ஞாயிறு

பாதம் தூக்கும் பயிற்சி. தொட்டவுடன் உதறுகிறான். ஓடிப் பிழைக்கும் விலங்குக்குக் கால்தானே உயிர்! தோளில் புறங்கையை வைத்து மெல்லக் கீழே இறக்கி, அவன் உதறுவதற்கு முன்பே கையை எடுத்துவிட வேண்டும். உதறிய பிறகு எடுத்தால், உதறினால் விட்டுவிடுவார்கள் என்று கற்றுக்கொள்வான்.

ஜூன் 15, ஞாயிறு

பலகைப் பாலம், தாண்டுகட்டை, தொங்கும் நாடாக்கள், பின்னோக்கி நடை. நாடாக்களுக்குள் அலட்சியமாக நுழைந்தவன் பாலத்தருகே மடங்கி உட்கார்ந்துவிட்டான். தரதரவென்று இழுத்தால் எழமாட்டான். தோழன் ஒருவனை முன்னே நடத்தியதும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே ஏறினான். மந்தை விலங்கு, தனியாக நிறுத்தினால் தவித்துப்போகும். போட்டியில் தோழன் வரமுடியாது என்பதால், வாராவாரம் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நிறுத்துவதாகத் திட்டம்.

வேஷப் போட்டியும் உண்டாம். “வேட்டி கட்டிவிடலாமாம்மா?” என்கிறாள். எனக்கு ஒப்பவில்லை. காலைத் தொடவே விடாதவனுக்கு வேட்டி!

ஜூலை 26, சனி

மாவட்டக் கண்காட்சி. ரோமத்தையும் உடலமைப்பையும் மதிப்பிடும் வகுப்புகள் வேறு; அங்கே பரம்பரைக்கு மவுசு. தடைப் போட்டியில் ரோமத்துக்கு மதிப்பெண் கிடையாது. கயிறு விறைத்தால் மதிப்பெண் குறையும்.

பாலத்தருகே பெப்பர் நின்றான். மகள் இழுக்கவில்லை, கயிற்றைத் தொய்யவிட்டு, பாலத்தைப் பார்த்தபடி நின்றாள். அவன் கழுத்தை நீட்டிப் பலகையை முகர்ந்தான். ஒரு முன்னங்கால், அப்புறம் இன்னொன்று. ஏறிவிட்டான். பின்னோக்கி நடையில்தான் கோட்டுக்கு வெளியே போய் மதிப்பெண்ணை விட்டான். நான்காம் இடம்.

போட்டி முடிந்ததும் இரண்டு பெற்றோர், அல்பாகா வாங்கலாமா என்று கேட்டார்கள். உங்களுக்கும் அதே பதில்தான்: பாலம் கட்டப் பலகை தேடுவதற்கு முன் பொருந்துகிற ஹால்டரைத் தேடுங்கள், ஒற்றை அல்பாகாவை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.