பாரோமீட்டர் பார்த்தாயா?

எங்கள் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சையைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். டாக்டரைத் தெரியும், மெஷினை இயக்கும் டெக்னீஷியனைத் தெரியும். மருத்துவ இயற்பியலாளர் என்று ஒருத்தி இருப்பது நோயாளிகள் பலருக்குத் தெரியாது. அவர்கள் வருமுன்பே என் வேலையில் பாதி முடிந்துவிடும்.

மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் நோயாளி படுக்கும் இடத்தில் தண்ணீர்த் தொட்டியை வைத்து, 10 செ.மீ. ஆழத்தில் அயனி அறையை இறக்கி மெஷினின் கதிர்வீச்சை அளப்போம். விரல் பருமன்கூட இல்லாத குழாய் அது, உள்ளே 0.6 கன செ.மீ. காற்று. வெளியே காற்றழுத்தம் குறைந்தால் உள்ளேயும் காற்று குறையும், அளவும் குறைவாகக் காட்டும். திருத்திக் கணக்கிடாமல் மெஷினைக் கூட்டிவிட்டால், நோயாளிக்குக் கூடுதலாகப் போய்விடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு புயல் நாள். பழைய தாளிலிருந்த 1010 மில்லிபாரையே எழுதிவிட்டேன். சீனியர் தாளைப் பார்த்தார். “ஏம்மா, வெளியே இந்த அடி அடிக்குது. பாரோமீட்டர் பாத்தியா?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். 996.

“ஒன்றரை சதவீதம்கூட இல்லையே சார், ரெண்டு வரைக்கும் விடலாமே” என்றேன்.

“அந்த ரெண்டு மெஷினுக்கு. உனக்கில்லை.”

அன்றிலிருந்து பாரோமீட்டரைப் பார்க்காமல் நான் பேனாவைத் திறப்பதில்லை.

மெஷின் சரியாக இருந்தால் மட்டும் போதாது, நோயாளியும் அசையாமல் இருக்க வேண்டும். நாக்குப் புற்றுநோய்க்கு 35 தவணைகளில் 70 கிரே வரை கொடுப்பது வழக்கம் (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). சற்றுப் பின்னால் தண்டுவடம். அதற்கு 45 கிரேயைத் தாண்டவிட மாட்டோம். முகம் அசையாமலிருக்க, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் இழுத்துப் படியவைத்து மாஸ்க் செய்கிறோம். எங்கள் கணக்கெல்லாம் முகம் அதில் அப்படியே பொருந்துகிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

ஒரு பெரியவருக்குப் பதினெட்டாம் நாள் மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவே என் இரண்டு விரல் நுழைந்தது. விழுங்க முடியாமல் கஞ்சியோடு நாளை ஓட்டியிருக்கிறார், உடம்பு இளைத்துவிட்டது. “முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?” என்றேன். “சொன்னா கரண்ட நிறுத்திடுவீங்களோன்னு பயந்துட்டேம்மா.”

அந்தப் பயம் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. அவர்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: மாஸ்க் தளர்ந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். தளர்ந்தது என்பதற்காகச் சிகிச்சையைக் கைவிட மாட்டோம். தேவைப்பட்டால் புது மாஸ்க் செய்து, திரும்ப ஸ்கேன் எடுத்து, கணக்கை மறுபடி போடுவோம்.