அரை இஞ்ச் சந்து

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் தலை காட்டி. "எங்கே ஆளைக் காணோம், ஆணி அதிகமா?"ன்னு விசாரிச்ச நல்ல உள்ளங்களுக்கு ஒரு விளக்கம். ஆணி இல்லைங்க, ஊசி. எட்டாம் நம்பர் ஊசி ரெண்டு. வெயில் மண்டையைப் பிளக்கற திருச்சியில உக்காந்துகிட்டு கம்பளிப் போர்வை பின்னினேன். சிரிச்சு முடிச்சாச்சா? சரி, மேல படிங்க.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி. கல்யாணமான புதுசுல ரங்கமணிக்கு டில்லியில வேலை. குளிர்காலத்துல பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி மொட்டைமாடி வெயில்ல கயித்துக் கட்டில் போட்டுக்கிட்டு, கையைப் பாக்காமலே ஸ்வெட்டர் பின்னுவாங்க. எனக்கும் சொல்லிக் கொடுத்தாங்க. "சீதா, உல்டா, சீதா, உல்டா." நேர்க் கண்ணி, எதிர்க் கண்ணி. எனக்கு ஹிந்தியில முதல்ல வந்த ரெண்டு வார்த்தையே அதுதான். ரங்கமணிக்கு ஒரு ஸ்வெட்டர் ஆரம்பிச்சேன். முதுகு முடிஞ்சது, நெஞ்சு முடியறதுக்குள்ள திருச்சிக்கு மாத்தலாயிடுச்சு. ஊசி பரணுக்குப் போச்சு.

அது கீழ இறங்கினது 2024 பொங்கல் கழிச்சு. அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிருந்த நேரம். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். உடம்பு ரத்தம் வெளியில போய் மெஷினைச் சுத்திட்டுத் திரும்பி வருது, அதோட அங்க ஏசி வேற. அப்பாவுக்குக் குளிர்ல பல்லு கிட்டிப் போகும். 40 வருஷம் வெயில்ல நின்னு கொத்தனார் வேலை பாத்து மேஸ்திரி ஆன மனுஷன், "பாப்பா, குளுருது"ன்னு சின்னப் புள்ள மாதிரி சொன்னப்ப எனக்கு என்னமோ பண்ணிடுச்சு.

கடையில ஒரு கம்பளி வாங்கிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனா வெளியில பெஞ்சுல 4 மணி நேரம் சும்மா உக்காந்திருந்தா என் மண்டை என்னவெல்லாம் யோசிக்கும்னு எனக்குத் தெரியும். கைக்கு வேலை வேணும். முழுப் போர்வையை மடியில போட்டுப் பின்ன அங்க இடமில்லை. துண்டு துண்டாப் பின்னினா கைப்பையில அடங்கும். அதோட, எதுவுமே முடியாத மாதிரி இருக்கற நாள்ல, ஏதோ ஒண்ணை முடிச்சுட்டு வீட்டுக்கு வரலாம்.

நூல், உல்லன்னு வாய் சொல்லுதே தவிர, அக்ரிலிக்தான். மெஷின்ல போட்டுத் துவைக்கலாம், உடம்பு அரிக்காது.

முதல்ல அறுகோணத்துக்கு ஆசைப்பட்டேன், தேன்கூடு மாதிரி அழகா இருக்குமேன்னு. பெஞ்சுல பேச்சு சுவாரசியத்துல கணக்கு விட்டுப்போய் ஆறு பக்கத்துக்குப் பதிலா அஞ்சு பக்கம் போட்டுட்டேன். அது தட்டையா படுக்கவே இல்லை, கிண்ணம் மாதிரி குழிஞ்சு நின்னுச்சு. அப்பாகிட்ட காட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அஞ்சு மூலைக் கல்லு தட்டையாவே இருந்தாலும் தரைக்கு ஆகாது பாப்பா. சந்து விழும்"ன்னார். வீட்டுக்கு வந்து காகிதத்துல போட்டுப் பாத்தேன். பஞ்சகோணத்து மூலை 108 டிகிரி. மூணை ஒண்ணா வெச்சா 324, இன்னும் 36 டிகிரி இடைவெளி. நாலு வெச்சா 432, ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். பக்கமும் மூலையும் சமமா இருக்கற ஒரே வடிவத்தை வெச்சு சந்தில்லாம தரையை மூடணும்னா முக்கோணம், சதுரம், அறுகோணம் இந்த மூணுதான். பத்தாங்கிளாஸ் தாண்டாத அப்பாவுக்கு இது கையில தெரிஞ்சிருக்கு. பட்டம் வாங்கின எனக்குக் காகிதம் வேண்டியிருக்கு. அவ்வ்வ்வ்.

எதுக்கு வம்புன்னு சதுரத்துக்கு இறங்கி வந்தேன். ஒரு பக்கம் நேர், மறு பக்கம் எதிர்னு மாத்தி மாத்திப் பின்னினா விளிம்பு சுருண்டுக்கும். கண்ணியும் உயரத்தைவிட அகலம் ஜாஸ்தி, அதனால எத்தனை கண்ணியோ அத்தனை வரின்னு பின்னினா சதுரம் வராது. ரெண்டு பக்கமும் நேர்க் கண்ணியே போட்டா இந்தத் தொல்லை இல்லை. ரெண்டு வரி சேந்தா ஒரு வரப்பு. ஒரு வரப்போட உயரம் கிட்டத்தட்ட ஒரு கண்ணியோட அகலம். முதல்ல 41 கண்ணி ஏத்திக்கணும். ஒரு வரி விட்டு ஒரு வரி, நட்டநடுவுல இருக்கற 3 கண்ணியை ஒண்ணாக்கணும். 41, 39, 37ன்னு குறைஞ்சுகிட்டே வந்து கடைசியில 1. மூலைக்கு மூலை ஒரு கோடு விழுந்து அழகான சதுரம் கையில இருக்கும்.

அப்பா இதையும் விடலை. "மூலையில ஒரு கல்லு. அதைச் சுத்தி 3 போட்டா நாலு கல்லு சதுரம். அதைச் சுத்தி 5 போட்டா ஒம்பது. நீ வெளியில இருந்து உள்ள வர்றே, அவ்ளோதான்." ஒத்தைப்படை எண்களை வரிசையாக் கூட்டினா வர்க்கம் வரும்னு ஸ்கூல்ல படிச்சு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். அது ஏன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது. 21 வரப்பு, 21 பெருக்கல் 21, ஆக 441. இங்கிலாந்துல பேட் ஆஷ்ஃபோர்த், ஸ்டீவ் பிளம்மர்னு ஒரு கணக்கு வாத்தியார் தம்பதி, இந்த மாதிரி கணக்கையே போர்வை போர்வையாப் பின்னித் தள்ளியிருக்காங்க. அவங்களுக்கு எங்கப்பாவைத் தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஒரு சதுரம் நாலரை இஞ்ச். ஒரு தடவை போனா 3 சதுரம். நீளத்துக்கு 12, அகலத்துக்கு 10, மொத்தம் 120. அதாவது 40 தடவை ஆஸ்பத்திரி. சதுரத்தை எண்ணினா நாளை எண்ண வேண்டியதில்லை.

பிப்ரவரியில ஒரு வியாழக்கிழமை. நடுவுல எட்டிப் பாக்கப் போனேன், உள்ள விடலை. அப்பாவுக்கு பிபி சடார்னு இறங்கிடுச்சாம். நர்ஸ் ஓடறாங்க, டாக்டர் வர்றார், கதவு மூடியிருக்கு. நான் பெஞ்சுக்கு வந்து உக்காந்து பின்னினேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியலை. முக்கால் மணி நேரம் கழிச்சு, "இப்ப பரவாயில்லம்மா"ன்னு சொன்னாங்க. அப்ப கையில ஒரு சதுரம் முடிஞ்சிருந்தது. எப்ப முடிச்சேன்னே தெரியாது.

சித்திரை பொறந்து ரெண்டு வாரம் கழிச்சு, 120ஐயும் கூடத்துல பரப்பினேன். அப்பா நாற்காலியைப் போட்டுக்கிட்டு மேஸ்திரி வேலையை ஆரம்பிச்சுட்டார். "ஓரத்துல ஆரம்பிக்காத. நடுவுல நூல் புடி. மூலைக்கு மூலை அளந்து பாரு, ரெண்டும் ஒண்ணா வரணும்." எல்லாம் சரியா வந்தது, ஒண்ணே ஒண்ணைத் தவிர. நீலக் கலர் சதுரம், நாலு இஞ்ச்தான் இருந்தது. அட்டை மாதிரி விறைப்பு. அதே ஊசி, அதே நூல், அதே 41 கண்ணி. கைதான் வேற.

"இதைப் பிரிச்சுட்டு வேற போட்டுடறேன்பா."

"ஏன் இது மட்டும் இறுகிப்போச்சு?"

"அன்னிக்கு, பிபி இறங்கின அன்னிக்கு பின்னினது."

அப்பா அதை வாங்கிக் கொஞ்ச நேரம் கையிலயே வெச்சிருந்தார். அப்புறம், "பிரிக்காத. ஒரே பொட்டியில வர்ற கல்லே ஒரே அளவு இருக்காது. அதுக்காகக் கல்லை ஒடைப்பாங்களா? சந்துல எடுத்துக்கணும். அதுக்குத்தானே சந்து"ன்னார்.

சதுரங்களைச் சேக்க வாங்கி வெச்சிருந்த வெள்ளை நூல்ல அந்த நீலத்தைச் சுத்தி ரெண்டு வரி பின்னினேன். அரை இஞ்ச் வந்துடுச்சு. டைல்ஸுக்கு வெள்ளை சிமெண்ட் பூசற மாதிரிதான். எட்ட நின்னு பாத்தா தெரியாது. கிட்ட வந்து தடவினா தெரியும்.

அக்னி நட்சத்திரத்துல திறப்பு விழா. வெளியில அனல், உள்ள அப்பா கழுத்து வரைக்கும் கம்பளி. பக்கத்துப் படுக்கைக்காரர் எங்க வாங்கினதுன்னு கேட்டாராம். "எம்பொண்ணு போட்டது. நான் மேஸ்திரி"ன்னு சொல்லியிருக்கார். இப்பவும் செவ்வாய், வியாழன், சனி போய்க்கிட்டுதான் இருக்கோம். பேசிக்கிட்டே இருக்கும்போது அப்பாவோட விரல் சில நேரம் அந்த நீலத்துல போய் நிக்கும். நான் பாக்காத மாதிரி இருந்துக்குவேன்.

டிஸ்கி: குழிஞ்சு நின்ன அந்த அஞ்சு மூலையைத் தூக்கிப் போடலை. அது மாதிரி 12 பின்னிச் சேத்தா பந்து ஆயிடும். தம்பி பையனுக்குப் பந்துதான் வேணுமாம். அப்பா கணக்கு பாத்துட்டார்: இன்னும் 11 பாக்கி.