பழைய அஞ்சற்பெட்டியும் புதிய பூட்டும்

யூடோரா என்னும் பெயரைக் கேட்டால் இன்றைய இளைஞர் பலர் விழிப்பர். மின்னஞ்சலை எழுதவும் படிக்கவும் உதவிய மென்பொருள் அது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டீவ் டார்னர் 1988-ஆம் ஆண்டில் அதனை ஆக்கினார். யூடோரா வெல்டி என்னும் எழுத்தாளர், அஞ்சலகத்திலேயே குடியேறிவிடும் ஒரு பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதியிருந்தார். மடல்களிடையே மூழ்கிக் கிடந்த டார்னர் அவர் பெயரையே தம் படைப்புக்குச் சூட்டினார். 1990-களில் பெரிதும் பரவிய அம்மென்பொருளின் வளர்ச்சி 2006-இல் நின்றுபோயிற்று. ஆயினும் அதனைக் கைவிட மனமில்லாதார் பலர். அவர்களுள் நானும் ஒருவன்.

காரணம் சோம்பல் அன்று. வெளிநாட்டில் வாழ்ந்த என் தமக்கையார் 1998 முதல் 2011-இல் இறக்கும் வரை எனக்கு எழுதிய மடல்கள் யாவும் அதனுள் இருக்கின்றன. பிள்ளைகளின் படிப்பு, அத்தானின் முதுகுவலி, அந்நாட்டு மீனுக்கு நம் ஊர்ப் புளி ஒத்துவராத கதை என எல்லாம் எழுதுவார். அக்காலத்தில் மடல்கள் சர்வரிலிருந்து நம் கணினிக்கு இறங்கியதும் அங்கிருந்து அழிந்துவிடுவது வழக்கம். எனவே அவற்றுக்கு வேறு படி எங்கும் இல்லை.

ஒருநாள் புதிய மடல்கள் வருவது நின்றது. சர்வருடன் தொடர்பு கொள்ள இயலவில்லை என்று ஓர் அறிவிப்பு மட்டுமே தோன்றியது. கடவுச்சொல் சரி, இணையமும் சரி. பின் ஏன்?

இரு கணினிகள் மடலைப் பரிமாறுமுன், எந்த மறைமொழியிற் பேசுவதென உடன்பாடு செய்துகொள்கின்றன. டி.எல்.எஸ். எனப்படும் அம்முறையின் முதற்பதிப்பு 1999-இலும், அடுத்தது 2006-இலும் வந்தன. 2008-இல் 1.2 என்னும் பதிப்பும், 2018-இல் 1.3-உம் வந்தன. முதலிரண்டையும் இனிப் பயன்படுத்தலாகாதென்று இணையப் பொறியியல் பணிக்குழு 2021 மார்ச்சில் அறிவித்தது. 2006-இல் வளர்ச்சி நின்ற யூடோரா, 2008-இல் பிறந்த மொழியை எங்ஙனம் அறியும்? அது பழுதாகவில்லை. மறுமுனையில் இருப்பவர் பழைய பேச்சை மறந்துவிட்டார், அவ்வளவே.

இதில் நான் சர்வரின் பக்கம். மறைமொழி இன்றிச் செல்லும் கடவுச்சொல்லை வழியிலுள்ள எவரும் படித்துவிடலாம். வீட்டுச் சாவியின் வடிவத்தை அஞ்சலட்டையில் வரைந்து அனுப்புவது போன்றது அது. பழைய மறைமொழிகளும் காலப்போக்கில் வலுவிழந்தன.

விடுமுறைக்கு வந்திருந்த தமக்கையார் மகன், “நடுவில் ஒரு துபாஷியை வைத்துவிடலாம் மாமா” என்றான். ஸ்டனல் என்னும் சிறு மென்பொருளே அந்தத் துபாஷி. நம் கணினிக்குள்ளேயே அமர்ந்து யூடோராவிடம் பழைய மொழியிலும் சர்வரிடம் புதிய மொழியிலும் பேசும். கடவுச்சொல் மற்றொரு தடை. கூகுள் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில், பழைய மென்பொருள்கள் வழக்கமான கடவுச்சொல்லோடு நுழைவதை நிறுத்திற்று. இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருப்போர் அதற்கெனப் 16 எழுத்துத் தனிக் கடவுச்சொல் பெறலாம். என் கணக்கு வேறோரிடத்தில் இருப்பினும் அங்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. அரைமணியில் மடல்கள் வந்து விழுந்தன.

எனக்கோ பெருமகிழ்ச்சி. அவனுக்கு இல்லை. “துபாஷி எத்தனை நாளைக்கு மாமா? உங்களுக்கு அம்மாவின் மடல்கள் வேண்டுமா, இந்த மென்பொருள் வேண்டுமா?” என்று கேட்டான்.

இரண்டும் வேறு என்று அதுவரை எனக்கு எவரும் சொன்னதில்லை. யூடோரா மடல்களைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே சேமிக்கிறது. சிறு மாற்றம் செய்தால் பிற மென்பொருள்களும் அவற்றைப் படிக்கும். இணைப்பாக வந்த படங்கள் தனி உறையில் இருப்பதால் அதனையும் மறவாமற் படியெடுக்க வேண்டும். இரண்டு வட்டுகளில் எல்லாவற்றையும் படியெடுத்தோம். புதிய மடல்களுக்குப் புதிய மென்பொருள் வந்தது. யூடோரா, சர்வருடன் பேசாமல், பழங்கடிதப் பெட்டியாக மட்டும் இருக்கிறது.

எஞ்சியது தமிழ் எழுத்து. தமக்கையார் முதலில் எழுதியது யூனிகோடு பரவுவதற்கு முன் வழங்கிய எழுத்துருவில். புதிய மென்பொருளில் அது கோழி கிளறிய குப்பையாகத் தெரிகிறது. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். 1998, 1999 ஆண்டுகளின் மடல்களை மாற்றிவிட்டான். புளிக் கதையைப் படித்தவன், அப்படியொரு மடல் இருப்பதே தனக்குத் தெரியாதென்றான். 2000-ஆம் ஆண்டுக்குரியவற்றை அடுத்த விடுமுறையில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.