சூடேறிய பின் தெரியும் குறை

இடது காலுக்கு வேலை வைக்காத கார் நம் நாட்டில் நெடுங்காலம் செல்வந்தர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. 2014-இல் மாருதி செலேரியோ குறைந்த விலையில் ஆட்டோமேட்டிக் கியருடன் வெளிவந்த பின் அந்நிலை மாறியது. முழங்கால் நோவுள்ள முதியோரும், நெரிசலில் கிளட்சை மிதித்துச் சலித்தோரும் இன்று அதையே நாடுகின்றனர். புதிதாக வாங்க இயலாதவர்கள், பிறர் ஓட்டிக் களைத்த பழைய வண்டியை வாங்குகின்றனர். அவ்விடத்தில்தான் விற்பவர் மனச்சான்றுக்கு ஒரு சோதனை பிறக்கிறது. நமது பங்கில் அச்சோதனை நேர்ந்தது.

கிளைக் கிராமங்களில் திருப்பலி நிறைவேற்றவும், நோயிற்பூசுதலுக்கு அழைப்பு வந்தால் நள்ளிரவிலும் விரையவும் உதவுமென்று, வெளிநாட்டில் குடியேறிய அன்பர் ஒருவர் தம் பழைய ஆட்டோமேட்டிக் காரைப் பங்குக்கு அளித்திருந்தார். அது 1,90,000 கிலோமீட்டரைக் கடந்தபோது அதன் கியர்பாக்ஸ் தளரத் தொடங்கியது. காலையில் எடுத்தால் வண்டி நன்றாகவே ஓடும். வாலாஜாபாத் சாலையில் முக்கால் மணி நேரம் ஓடிய பின்போ கியர் லிவரை 'டி'யில் இட்டாலும் இரண்டு மூன்று நொடி கழித்தே ஒரு குலுக்கலுடன் நகரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமும், வேகம் ஏறாது. ஒரு மழை இரவில், உத்திரமேரூர்ச் சாலையில், இறக்குந் தறுவாயில் இருந்த மூதாட்டி ஒருவரின் வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னரே வண்டி நின்றுவிட்டது. அவருடைய பேரன் மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துச் சென்றதால் திருவருட்சாதனத்தைக் காலத்தோடு வழங்க முடிந்தது.

இவ்வகைக் கியர்பாக்ஸின் உயிர் அதன் ஆயிலில் இருக்கிறது. இரு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும். டார்க் கன்வர்ட்டர் என்னும் உறுப்பும் அப்படித்தான். எஞ்சினோடு இணைந்த சக்கரம் ஆயிலை வீசுகிறது. அந்த வீச்சில் எதிர்ச் சக்கரம் சுழல்கிறது. கப்பல்களுக்கென்று ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-இல் கண்ட வழி இது. அவ்வழியில் வந்த ஆட்டோமேட்டிக் கியரை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-இல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களுக்கென அறிமுகம் செய்தது. ஆயிலின் அழுத்தமே உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகளை இறுக்கிக் கியரை மாற்றுகிறது. உராய்வைக் குறைப்பதும் வெப்பத்தை அகற்றுவதும் அதே ஆயில்தான்.

ஆண்டுகள் செல்லச் செல்ல ஆயில் கருகுகிறது. தகடுகள் தேய்ந்த துகள் அதில் கலக்கிறது. ரப்பர் சீல்கள் விறைத்துப் போகின்றன. ஆயில் குளிர்ந்து தடித்திருக்கும் வேளையில் சீல் தேய்ந்திருந்தாலும் அழுத்தம் ஒருவாறு நிற்கும். சூடேறி நீர்த்ததும் ஆயில் கசிய, அழுத்தம் குறைய, தகடுகள் வழுக்கும். வழுக்கலால் வெப்பம் இன்னும் கூடும். ஆகவே பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவருக்கு அந்த வண்டியில் எக்குறையும் தென்படாது.

மெக்கானிக் ஆயிலை வடித்துக் காட்டினார். சிவந்திருக்க வேண்டியது காப்பி டிகாஷன்போல் கறுத்து, கருகிய வாடை வீசியது. பிரித்து ஓவர்ஹால் செய்ய ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் ஆகுமென்றார். புது ஆயில் மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டோம். "ஆறு மாசம் ஓடினாலும் ஓடும் சாமி, அடுத்த வாரமே நின்னாலும் நிக்கும். நான் பொறுப்பேத்துக்க முடியாது" என்றார்.

பங்குப் பேரவை கூடியது. பழுது பார்க்கப் பணமில்லை. ஆலயக் கூரை வேறு ஒழுகிக்கொண்டிருந்தது. விற்றுவிடலாம் என்பதில் அனைவரும் ஒருமனப்பட்டனர். எப்படி விற்பது என்பதில்தான் கருத்து வேறுபட்டது. "ஆயிலை மாற்றி, ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்து, காலை வேளையில் ஓட்டிக் காட்டிவிடலாம். வாங்குபவர் பார்த்துத்தானே வாங்குகிறார்?" என்றார் ஒருவர். அவர் தீயவர் அல்லர். பங்கின் பணம் குறைந்துவிடக் கூடாதே என்னும் அக்கறையில் பேசியவர். நம்முள் பலர் அன்றாடம் எழுப்பும் வினாவும் அதுவே: நாம் பொய் சொல்லவில்லையே, சொல்லாமல்தானே விட்டோம்?

இவ்வினாவைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் எழுப்பி விடை கண்டிருப்பதைக் குருமடத்தில் அறநெறி இறையியல் கற்றபோது படித்தோம். விற்பவர் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா? குறை வெளிப்படையானதாயின், ஒற்றைக் கண் குதிரையைப்போல் எவரும் காணக்கூடியதாயின், அதற்கேற்ப விலையைக் குறைத்தாலே போதும். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. குறை மறைந்திருந்து, வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்குமாயின், சொல்லியே ஆக வேண்டும். நொண்டிக் குதிரையை விரைவுக் குதிரையென்றும், இடியும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார். குறையைப் பறையறைந்து ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. வாங்க வந்து நிற்பவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவே. ஏழாம் கட்டளை, கையால் எடுக்கும் களவோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அதனினும் தெளிவாக விளக்குதல் அரிது. இதைப் பேரவையில் எடுத்துரைத்தோம்.

அடுத்த வாரம் ஓர் இளைஞர் வந்தார். நெசவுக் குடும்பம். ஆண்டுக்கணக்கில் தறிக்குழியில் கால் வைத்து நெய்த தந்தைக்கு இப்போது நடப்பதே துன்பம். அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவென்று மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் திரட்டியிருந்தார். காலை வேளை, வண்டி பட்டுப்போல் ஓடியது. அவர் முகம் மலர்ந்தது. முன்பணத்தை எடுக்கையில் குறையைச் சொன்னோம். மெக்கானிக்கின் பெயரையும் சொல்லி, அவரிடமே விசாரித்துக்கொள்ளலாம் என்றோம். இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க சொல்லலேன்னா இன்னைக்கே வாங்கியிருப்பேன் சாமி" என்று கூறிப் பணத்தை மடித்து வைத்துக்கொண்டு போனார். பின்னர், கியர்பாக்ஸ் வேலை தெரிந்த ஒருவர் எல்லாம் அறிந்தே அதைப் பாதி விலைக்கு வாங்கினார். கூரை வேலை ஓராண்டு தள்ளிப்போனது. அந்த மழைக்காலத்தில் திருப்பலி வேளையில் பீடத்தருகே வாளி வைக்க நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். நேர்மைக்கு விலை உண்டு.

இவ்வூர் மக்களுக்கு இது புதிய பாடமன்று. பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் ஏற்றினால் அது உண்மை ஜரிகை. வெள்ளி இருக்கவேண்டிய இடத்தில் செம்பு இருந்தால் போலி. கடையின் விளக்கொளியில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். காலமும் வியர்வையும் பட்டபின்தான் போலி ஜரிகை கறுத்துக் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் காஞ்சிப் பட்டு வாங்குவோர் ஜரிகையை உரைத்துப் பார்க்கச் சொல்கின்றனர். நாணயமான வணிகர் கேளாமுன்பே இன்னது என்று சொல்லிவிடுகிறார்.

புடைவைக்கும் காருக்கும் வேண்டிய இந்த நேர்மை, மண வீட்டில் வேண்டாமா? நோயை மறைத்து, கடனை மறைத்து, குடிப்பழக்கத்தை மறைத்து, "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று பேசி முடிக்கும் பெற்றோரை நாம் அறிவோம். இல்லற வாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு பண்பைப் பற்றி, சம்மதம் பெறுவதற்காகவே வஞ்சித்திருந்தால், அத்திருமணம் செல்லாது என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 1098. காரில் ஏமாந்தவருக்குப் பணம் போகும். இங்கே ஏமாந்தவருக்கு வாழ்வே போகிறது.

குளிர்ந்திருக்கும் வேளையில் எல்லா வண்டியும் நன்றாகவே ஓடும். சூடேறும் வேளையில் அருகில் நாம் இருக்கப்போவதில்லை. வாங்கியவர்தாம் தம் குடும்பத்தோடு நடுச்சாலையில் நிற்பார். பேரம் முடியும் முன்னர் அவரை அவ்விடத்தில் வைத்து ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாயின், சொல்ல வேண்டியது தானே நம் நாவுக்கு வரும்.